எடின்பரோவில் ஒரு வார இறுதி: மலைநாடா, கிளாஸ்கோவா, ஊருக்குள் நடையா?

எலெக்டிவ், அதாவது மருத்துவப் படிப்பின் பகுதியாக வெளிநாட்டு ஆஸ்பத்திரியில் சில வாரப் பயிற்சி, போகப்போகும் ஜூனியர்கள் என்னிடம் வார்டைப் பற்றி அதிகம் கேட்பதில்லை. "அக்கா, சனி ஞாயிறு எங்க போகலாம்?" என்பதுதான் முதல் கேள்வி. அதை நான் வெட்டிக் கேள்வியாக நினைப்பதில்லை. வெளிநாட்டு ஆஸ்பத்திரியில் நிற்கப்போகும் ஒருவருக்கு அந்த இரண்டு நாள் எப்படிப் போகிறது என்பது, மற்ற ஐந்து நாளும் எப்படிப் போகும் என்பதைப் பெருமளவு முடிவு செய்துவிடும்.

நான் ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் இருந்தது ஆறு வாரம், நவம்பர் தொடக்கத்திலிருந்து டிசம்பர் பாதிவரை. ஆறு வாரம் என்றால் ஆறு வார இறுதி என்று கணக்குப் போட்டுக்கொண்டுதான் விமானம் ஏறினேன். முதல் வாரம் சிம் கார்டு, அரிசி, பருப்பு, நல்ல மழைக்கோட்டு என்று அலைந்ததில் சனி போனது, தூக்கத்தில் ஞாயிறு போனது. ஒரு வாரம் காய்ச்சல். கடைசி வாரம் மூட்டை கட்டும் வேலை. மிஞ்சியவை மூன்று. நான்கு வாரத்துக்குப் போகிறவர்களுக்கு ஒன்றோ இரண்டோதான் மிஞ்சும். அதனால்தான் எதைத் தேர்ந்தெடுப்பது என்பது முக்கியமாகிறது.

அந்த மூன்றில் முதலாவதை ஹைலண்ட்ஸ் என்ற மலைநாட்டு பஸ் பயணத்துக்கும், இரண்டாவதைப் பக்கத்து நகரமான கிளாஸ்கோவுக்கும், மூன்றாவதை எடின்பரோவுக்குள்ளேயே நடப்பதற்கும் கொடுத்தேன். வரிசை தலைகீழாக இருந்திருக்க வேண்டும் என்பதுதான் என் கருத்து. ஏன் என்று சொல்கிறேன்.

மலைநாடு: ஒரு நாளில் ஒரு நாட்டைப் பார்ப்பது

எல்லோரும் முதலில் போக நினைப்பது இங்கேதான். ஹாஸ்டலில் ஐந்து பேர் சேர்ந்து டிக்கெட் போட்டார்கள், நானும் சேர்ந்துகொண்டேன். காலை எட்டு மணிக்குப் பழைய நகரத்திலிருந்து பஸ் கிளம்பும். கேலண்டர் (Callander) என்ற ஊர் வழியாக ரானக் மூர் என்ற ஈரச் சமவெளியைக் கடந்து கிளென்கோ பள்ளத்தாக்கு, ஃபோர்ட் வில்லியம், லாக் நெஸ் ஏரி, திரும்பி வரும்போது பிட்லாக்ரி. இரவு எட்டு மணிக்கு இறக்கிவிடுவார்கள். 12 மணி நேரம். அதில் பெரும்பகுதி இருக்கையில்தான்.

அழகு இல்லை என்று சொன்னால் பொய். கிளென்கோவில் இறங்கி நின்ற அந்தப் பதினைந்து நிமிடம் இன்னும் கண்ணில் இருக்கிறது. இரண்டு பக்கமும் மலை இறங்கி வந்து நம்மை நெருக்குவதுபோல் நிற்கும். பாறையில் வெள்ளிக் கோடுகளாகத் தண்ணீர் இறங்கும். 1692 பிப்ரவரியில் இந்தப் பள்ளத்தாக்கில்தான், விருந்தாளிகளாகத் தங்கி உப்பைத் தின்ற அரசுப் படையினர், விடியும் முன் எழுந்து மெக்டொனால்ட் குலத்தைச் சேர்ந்த 38 பேரைக் கொன்றார்கள். அதைக் கேட்டுவிட்டு அந்த அமைதியில் நிற்பது சாதாரண அனுபவம் இல்லை.

மருத்துவ மாணவருக்கு இங்கே இன்னொரு விஷயமும் உண்டு. அதை பஸ்ஸில் யாரும் சொல்லவில்லை, நான் பிறகுதான் படித்தேன். இந்த மலைகளுக்கும் தீவுகளுக்கும் மருத்துவர் போய்ச் சேர்வதே பெரும்பாடாக இருந்தது. வந்தாலும் கட்டணம் கொடுக்க மக்களிடம் பணம் இல்லை. கட்டணம் வராததால் மருத்துவர் தங்குவதும் இல்லை. 1912இல் சர் ஜான் டியூவர் தலைமையிலான குழு இதை ஆராய்ந்து அறிக்கை கொடுத்தது. அடுத்த ஆண்டே, 1913இல், ஹைலண்ட்ஸ் அண்ட் ஐலண்ட்ஸ் மெடிக்கல் சர்வீஸ் தொடங்கியது. மருத்துவருக்கு வருமானம் குறையாமல் அரசு பார்த்துக்கொண்டது, நோயாளியிடம் குறைந்த கட்டணமே வாங்கினார்கள். பிரிட்டன் முழுவதற்கும் என்.ஹெச்.எஸ். என்ற தேசிய சுகாதாரச் சேவை வந்தது 1948இல். 35 வருடம் முன்பே அதற்கான ஒத்திகை இந்த மலைகளில் நடந்துவிட்டது. இதைத் தெரிந்துகொண்டு போனால் சாலையோரத்தில் தனியாக நிற்கும் ஒவ்வொரு வீடும் வேறு மாதிரி தெரியும்.

ஆனால் நவம்பர் பிற்பாதியில் அங்கே மாலை நான்கு மணிக்குள் இருட்டிவிடுகிறது. லாக் நெஸ் ஏரியை நாங்கள் பார்த்தபோது வானமும் தண்ணீரும் ஒரே சாம்பல் நிறம். பிட்லாக்ரி என்பது எனக்கு மஞ்சள் விளக்குப் போட்ட சில கடைகள் மட்டுமே. கடைசி மூன்று மணி நேரம் கண்ணாடி ஜன்னலில் என் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டு வந்தேன். செலவு சாப்பாடு சேர்க்காமலே 50 பவுண்டுக்கு மேல். ஞாயிறு முழுக்க உடம்பு அடித்துப் போட்டதுபோல் கிடந்தது. திங்கள் காலை ரவுண்ட்ஸில் மூத்த டாக்டரான கன்சல்டன்ட் கேட்ட கேள்வி காதில் விழுந்தும் மூளைக்குப் போகவில்லை.

ஜூனில் போகிறவர்களுக்கு இந்தக் கணக்கு மாறும். அப்போது இரவு பத்து மணிவரை வெளிச்சம் இருக்கும். நேரம் இருந்து, இரண்டு நாள் ஒதுக்கி, இன்வர்னெஸ்ஸிலோ ஃபோர்ட் வில்லியமிலோ ஒரு இரவு தங்க முடிந்தால் மலைநாடு கொடுப்பதை வேறு எதுவும் கொடுக்காது. ஒரே நாளில், குளிர்காலத்தில் வேண்டாம்.

கிளாஸ்கோ: 50 நிமிடத்தில் இன்னொரு உலகம்

வேவர்லி ஸ்டேஷனில் ரயில் ஏறினால் 50 நிமிடத்தில் கிளாஸ்கோ குயின் ஸ்ட்ரீட். முன்பதிவு தேவையில்லை. போகவர 20 பவுண்டுக்குள் முடிந்துவிடும். காலையில் எழுந்து மழையைப் பார்த்துவிட்டுக்கூட முடிவு செய்யலாம் என்பது பெரிய வசதி. மலைநாட்டு பஸ்ஸில் அது நடக்காது.

மருத்துவ மாணவர் கிளாஸ்கோவுக்குப் போகாமல் இருக்க முடியுமா என்றுகூட எனக்குத் தோன்றும். நாம் கேஷுவாலிட்டியில் தினமும் எழுதுகிற "ஜி.சி.எஸ். 15/15" என்பதில் இருக்கும் "ஜி" இந்த ஊர்தான்: கிளாஸ்கோ கோமா ஸ்கேல். தலையில் அடிபட்டு வந்தவரின் நினைவு நிலையை ஒவ்வொருவர் ஒவ்வொரு சொல்லால் எழுதிக்கொண்டிருந்த காலத்தில், கண், பேச்சு, அசைவு என்று மூன்றாகப் பிரித்து எண் கொடுக்கலாம் என்று கிரஹாம் டீஸ்டேலும் பிரையன் ஜென்னட்டும் இங்கிருந்து 1974இல் எழுதினார்கள். தேனியில் ஒருவர் பைக்கிலிருந்து விழுந்தாலும் அந்த அளவுகோல்தான்.

கர்ப்பிணிகளுக்கு எடுக்கும் ஸ்கேனும் இந்த ஊர்ச் சரக்குதான். உலோகத்தில் விரிசல் இருக்கிறதா என்று தொழிற்சாலைகளில் ஒலி அலையால் சோதிக்கும் கருவியைப் பார்த்து, அதையே வயிற்றின் மேல் வைத்தால் என்ன என்று யோசித்தவர் இங்கே மகப்பேறு மருத்துவப் பேராசிரியராக இருந்த இயன் டொனால்ட். 1955இல் அவர் அறுவை செய்து எடுத்த கட்டிகளைக் காரின் டிக்கியில் வைத்து ஒரு கொதிகலன் தொழிற்சாலைக்குக் கொண்டுபோய்ச் சோதித்தார். 1958இல் கட்டுரை வந்தது. கப்பல் கட்டும் ஊரில்தான் இந்த யோசனை வந்திருக்க முடியும். கிளைட் ஆற்றங்கரையில் நின்று பழைய கிரேன்களைப் பார்த்தபோது அது எனக்கு நன்றாகப் புரிந்தது.

கிளாஸ்கோ ராயல் இன்ஃபர்மரியில்தான் 1865இல் ஜோசப் லிஸ்டர், எலும்பு முறிந்து தோலைக் கிழித்து வந்த ஒரு சிறுவனின் காயத்தில் கிருமியைக் கொல்லும் கார்பாலிக் அமிலத்தை வைத்துக் கட்டினார். அதுவரை அப்படிப்பட்ட காயம் என்றால் காலை வெட்டுவதுதான் வழி. பையன் நடந்து வீட்டுக்குப் போனான். அவருடைய வார்டு இருந்த கட்டடம் இப்போது இல்லை, ஆனால் ஆஸ்பத்திரி அதே இடத்தில், கதீட்ரலை ஒட்டி நிற்கிறது. பக்கத்துக் குன்றில் நெக்ரோபோலிஸ் என்ற கல்லறைத் தோட்டம். ஆஸ்பத்திரி, கோயில், கல்லறை மூன்றும் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பதைப் பார்த்தால் அந்தக் காலத்து நோயாளிக்கு மனம் எப்படி அடித்துக்கொண்டிருக்கும் என்று தோன்றும்.

மதியத்துக்கு மேல் கெல்வின்குரோவ் மியூசியம். 1901இல் திறந்தது, நுழைவு இலவசம். உள்ளே கூரையிலிருந்து ஒரு ஸ்பிட்ஃபயர் விமானம் தொங்கும், அதன் கீழே யானை நிற்கும், குழந்தைகள் ஓடுவார்கள். 1896இல் தொடங்கிய பாதாள ரயில் ஒரே வட்டமாகச் சுற்றுவதால் வழி தவறிப் போக வாய்ப்பே இல்லை. கிளாஸ்கோக்காரர்கள் வலிய வந்து பேசுவார்கள். பஸ் ஸ்டாப்பில் ஒரு பாட்டி என் காலணியைப் பார்த்து, அது குளிருக்குத் தாங்காது என்று சொல்லி, எந்தக் கடையில் மலிவாகக் கிடைக்கும் என்றும் சொன்னார்.

அப்படியென்றால் கிளாஸ்கோவையே முதலில் வைக்கலாமே? நானும் கொஞ்சம் தடுமாறிய இடம் இது. வெறும் ஊர் சுற்றிப் பார்ப்பது மட்டும் நோக்கம் என்றால் கிளாஸ்கோதான் என்று சொல்லியிருப்பேன். ஆனால் என் நோயாளிகள் கிளாஸ்கோக்காரர்கள் இல்லை.

எடின்பரோ: நோயாளிகளின் ஊர்

இந்த யோசனை என்னுடையது இல்லை. வார்டில் ஒரு திருச்சிக்கார நர்ஸ் அக்கா இருந்தார், அங்கே வந்து ஐந்து வருடம் ஆகிறது. நான் கிளென்கோ போட்டோக்களைக் காட்டியபோது எல்லாவற்றையும் பொறுமையாகப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "ஏம்மா, மலையெல்லாம் பாத்துட்ட. லீத் எங்க இருக்குன்னு தெரியுமா? மூணாம் பெட் தாத்தா தினமும் அதைத்தானே சொல்லிட்டு இருக்காரு?" எனக்குத் தெரியவில்லை. மூன்று வாரமாக அந்தத் தாத்தாவிடம் ஹிஸ்டரி, அதாவது நோய் விவரம், கேட்டு எழுதிக்கொண்டிருந்தேன்.

நாங்கள் இருந்த ஆஸ்பத்திரி நகரத்தின் தென்கிழக்கு ஓரத்தில், லிட்டில் ஃபிரான்ஸ் என்ற இடத்தில் இருக்கிறது. ஸ்காட்லாந்து அரசி மேரி பக்கத்து கிரெய்க்மில்லர் கோட்டையில் தங்கியபோது அவருடன் வந்த பிரெஞ்சுப் பரிவாரம் இங்கே இறங்கியதால் அந்தப் பெயர் என்று சொல்கிறார்கள். ஹாஸ்டலிலிருந்து பஸ், பஸ்ஸிலிருந்து வார்டு, திரும்ப பஸ் என்று இருந்தால் எடின்பரோ என்பது ஒரு கார் பார்க்கிங்கும் நீள நடைக்கூடமும் மட்டும்தான். ராயல் இன்ஃபர்மரி என்ற எங்கள் ஆஸ்பத்திரி அங்கே வந்ததே 2003இல். வயதான நோயாளிகள் "ராயல்" என்று சொல்லும்போது மனதில் வைத்திருப்பது லாரிஸ்டன் பிளேஸில் இருக்கும் பழைய கட்டடத்தை. தன் பிள்ளை பிறந்ததும் கணவர் போனதும் அங்கேதான் என்று ஒரு அம்மா சொன்னபோது, அது எந்தக் கட்டடம் என்று தெரியாமல் தலையாட்டுவது எனக்குச் சங்கடமாக இருந்தது.

எனவே மூன்றாவது வார இறுதியில் டிக்கெட் எதுவும் எடுக்கவில்லை.

சனிக்கிழமை காலை நிக்கல்சன் தெருவில், அறுவை மருத்துவர் சங்கத்தின் கட்டடமான சர்ஜன்ஸ் ஹாலில் தொடங்கினேன். தூண் வைத்த அந்தக் கட்டடம் 1832இல் வந்தது, ஆனால் சங்கம் அதைவிடப் பழையது. 1505இல் எடின்பரோ நகர மன்றம் நாவிதர்-அறுவை மருத்துவர் சங்கத்துக்கு உரிமைச் சாசனம் கொடுத்தது. பயிற்சிக்கு வருகிறவனுக்கு எழுதப் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும், உடற்கூறு தெரிந்திருக்க வேண்டும், அதற்காக ஆண்டுக்கு ஒரு தூக்குத் தண்டனைக் கைதியின் உடல் கொடுக்கப்படும் என்று அதில் இருக்கிறது. அங்குள்ள மியூசியத்துக்கு நுழைவுக் கட்டணம் உண்டு, மாணவர்களுக்குக் குறைவு. உள்ளே படம் எடுக்கக் கூடாது. கண்ணாடிக் குடுவைகளில் இருப்பவர்கள் மனிதர்கள் என்பதால் அது சரியான விதிதான். பெத்தாலஜி புத்தகத்தில் ஒரு வரியாகப் படித்த நோய்கள், சிகிச்சையே இல்லாத காலத்தில் எவ்வளவு தூரம் வளர்ந்து நின்றன என்பதை அங்கே பார்க்கலாம். நான் மூன்று மணி நேரம் இருந்தேன்.

அங்கே ஒரு சின்னப் பாக்கெட் நோட்டு இருக்கிறது. கொலைகாரன் வில்லியம் பர்க்கின் தோலால் செய்தது. ஆண்டுக்கு ஓர் உடல் என்பது, 300 வருடத்தில் உலகம் முழுவதிலிருந்தும் மாணவர்கள் வந்து குவிந்த ஊருக்கு எப்படிப் போதும்? பர்க்கும் கூட்டாளி ஹேரும் வெஸ்ட் போர்ட்டில் ஒரு மலிவு விடுதியில் தங்க வந்த ஏழைகளை, வயதானவர்களை, துணையில்லாத பெண்களைக் கொன்று டாக்டர் ராபர்ட் நாக்ஸின் உடற்கூறு வகுப்புக்கு விற்றார்கள். 16 பேர். 1829 ஜனவரியில் பர்க்கைத் தூக்கில் போட்டு, அவன் உடலையும் பொதுவில் அறுத்தார்கள். ஹேர் அரசுத் தரப்புச் சாட்சியாகித் தப்பினான். உடலை வாங்கிய நாக்ஸ் மீது வழக்கே இல்லை. 1832இல் சட்டம் வந்தது: ஏழைகளைத் தங்கவைத்து வேலை வாங்கிய பணியில்லங்களில் இறந்து, யாரும் கேட்டு வராத ஏழைகளின் உடலை வகுப்புக்கு எடுத்துக்கொள்ளலாம். நம் ஊரிலும் முதலாண்டு உடற்கூறு மேசையில் இருந்தவர்களில் பலர் யாரும் கேட்டு வராதவர்கள்தான். அவர்களிடமிருந்து கற்றுக்கொண்டுதான் நாம் டாக்டர் ஆகிறோம். அந்த நோட்டின் முன் நின்றபோது முதலாண்டில் எனக்குக் கற்றுக்கொடுத்த அந்தப் பெயரில்லாத பெரியவரை நினைத்துக்கொண்டேன்.

வெளியே வந்தால் சுவரில் ஒரு பலகை. அவசரத்தில் தாண்டிப் போய்விடாதீர்கள். 1869இல் சோஃபியா ஜெக்ஸ்-பிளேக்கும் அவருடன் சேர்ந்த பெண்களும், மொத்தம் ஏழு பேர், எடின்பரோ பல்கலைக்கழகத்தில் மருத்துவம் படிக்கச் சேர்ந்தார்கள். வேதியியல் தேர்வில் இடித் பீச்சி நல்ல இடம் பிடித்தும், அதற்குரிய உதவித்தொகையை அவருக்குக் கீழே வந்த ஆண்களுக்குக் கொடுத்தார்கள். 1870 நவம்பர் 18 அன்று உடற்கூறுத் தேர்வு எழுத இதே சர்ஜன்ஸ் ஹாலுக்கு வந்தபோது, ஒரு பெரும் கூட்டம் வழியை அடைத்து, சேற்றை வாரி அடித்து, கேட்டை முகத்துக்கு நேரே மூடியது. உள்ளே தேர்வு நடக்கும்போது ஒரு ஆட்டை அறைக்குள் தள்ளிவிட்டார்கள். தேர்வு நடத்திய ஆசிரியர், அனுப்பியவர்களைவிட ஆட்டுக்கு அறிவு அதிகம், இருந்துவிட்டுப் போகட்டும் என்றாராம். அவர்கள் தேர்வை எழுதி முடித்தார்கள். ஆனால் பட்டம் கொடுக்க வேண்டியதில்லை என்று 1873இல் நீதிமன்றம் சொல்லிவிட்டது. எடின்பரோ அந்த ஏழு பேருக்கும் பட்டம் கொடுத்தது 2019இல். அவர்கள் சார்பில் மேடையேறி வாங்கியவர்கள் அங்கே அப்போது படித்த மாணவிகள்.

இதை நான் ஏன் இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன் என்றால், இந்தக் கதை திருவல்லிக்கேணிவரை வருகிறது. பிரசவத்தில் பெண்கள் டாக்டரே இல்லாமல் சாவதைச் சென்னையில் கண்டு மனம் பொறுக்காத மேரி ஷார்லீப் என்ற ஆங்கிலேயப் பெண், வேறு மூன்று பெண்களுடன் 1875இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். எடின்பரோ கதவைச் சாத்திய இரண்டே வருடத்தில் சென்னை திறந்தது. பிறகு மேல்படிப்புக்கு அவர் லண்டன் போனபோது சேர்ந்தது, இதே ஜெக்ஸ்-பிளேக் முன்நின்று 1874இல் தொடங்கிய பெண்கள் மருத்துவப் பள்ளியில். திரும்பி வந்து 1885இல் அவர் தொடங்கியதுதான் நாம் கோஷா ஆஸ்பத்திரி என்று சொல்கிற கஸ்தூர்பா காந்தி மருத்துவமனை. என் ஓ.ஜி. போஸ்டிங், அதாவது மகப்பேறு வார்டுப் பயிற்சி, அங்கேதான். நான் முதன்முதலில் ஒரு குழந்தையைக் கையில் வாங்கியதும் அங்கேதான். சர்ஜன்ஸ் ஹாலின் அந்தக் கேட்டின் முன்னால் மழையில் வெகுநேரம் நின்றேன். கிளென்கோ, லாக் நெஸ், கெல்வின்குரோவ் எதுவும் எனக்கு அப்படி இருக்கவில்லை.

பசித்தால் பக்கத்திலேயே நிக்கல்சன் சதுக்கத்தில் மாஸ்க் கிச்சன் இருக்கிறது, சூடான சோறும் குழம்பும் நியாயமான விலைக்குக் கிடைக்கும். அப்புறம் டெவியட் பிளேஸ். பல்கலைக்கழகத்தின் உடற்கூறு மியூசியம் இங்கே, பர்க்கின் எலும்புக்கூடும் இங்கேதான். இது குறிப்பிட்ட சில சனிக்கிழமைகளில் மட்டும் திறக்கும். அங்கிருந்து கிரேஃபிரையர்ஸ் கல்லறைத் தோட்டம். எல்லோரும் வாசலில் இருக்கும் நாய்ச் சிலையோடு படம் எடுத்துவிட்டுப் போய்விடுகிறார்கள். உள்ளே சில கல்லறைகள் மேல் இரும்புக் கூண்டு போட்டிருக்கும். செத்தவர் உடலைத் திருடர்கள் தோண்டி எடுத்து வகுப்புக்கு விற்றுவிடாமல் இருக்க, வசதி இருந்த குடும்பங்கள் போட்ட கூண்டு. வசதி இல்லாதவர்கள் கல்லறைப் பக்கத்தில் இரவெல்லாம் உட்கார்ந்து காவல் காத்தார்கள்.

லாரிஸ்டன் பிளேஸ் அங்கிருந்து ஐந்து நிமிட நடை. பழைய ராயல் இன்ஃபர்மரியை இப்போது பல்கலைக்கழகம் புதுப்பித்து வகுப்பறைகளாக்கியிருக்கிறது. உள்ளே போய் உட்கார்ந்து ஒரு காபி குடிக்கலாம். அந்த அம்மா சொன்ன வார்டு எந்தப் பக்கம் இருந்திருக்கும் என்று யோசித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இருட்டுவதற்குள் புது நகரத்துக்குப் போய் குயின் தெரு 52ஆம் எண் வீட்டை வெளியிலிருந்து பார்த்தேன். 1847 நவம்பர் 4 இரவு ஜேம்ஸ் யங் சிம்ப்சனும் இரண்டு நண்பர்களும் சாப்பாட்டுக்குப் பிறகு குளோரோஃபார்மை முகர்ந்து பார்த்து மேசைக்கடியில் மயங்கி விழுந்த வீடு. சில நாளிலேயே அதைப் பிரசவ வலிக்குக் கொடுத்தார்.

ஞாயிறு வேறு மாதிரி. காலையில் ஆர்தர்ஸ் சீட் ஏறினேன், 251 மீட்டர்தான், பழைய எரிமலை. உச்சியில் காற்று தள்ளும், நல்ல காலணி இல்லாமல் ஏறாதீர்கள். அங்கே கால் பிசகி எங்கள் ஆஸ்பத்திரிக்கே வந்தவர்கள் உண்டு. மேலே நின்றால் ஊர் முழுவதும் தெரியும். கிரெய்க்மில்லர், போர்ட்டபெல்லோ, லீத், மார்னிங்சைட்: அட்மிஷன் ஷீட்டில் முகவரிகளாக எழுதிய பெயர்கள் எல்லாம் முதன்முறையாக ஒரு வரைபடமாகக் கண்முன் விரிந்தன.

இறங்கி கேனங்கேட் கல்லறைத் தோட்டம் போனேன். ராபர்ட் ஃபெர்குசன் என்ற கவிஞரின் கல்லறை அங்கே. 24 வயதில், 1774இல், மனநலம் குன்றியவர்களைப் பூட்டி வைக்கும் இடத்தில் குளிரில் இறந்தார். அவரைப் பார்த்துவந்த மருத்துவர் ஆண்ட்ரூ டங்கனால் அதை மறக்க முடியவில்லை. அவருடைய பல வருட முயற்சியில் 1813இல் மார்னிங்சைடில் ஒரு மனநல மருத்துவமனை திறந்தது. ஒரு நோயாளியை மறக்காமல் ஒருவர் 40 வருடம் அலைந்திருக்கிறார். சைக்கியாட்ரி போஸ்டிங் கிடைத்தவர்கள் முதல் நாளுக்கு முன்பே இங்கே ஒரு நடை போய்விட்டு வாருங்கள்.

மதியத்துக்கு மேல் டிராமில் லீத். துறைமுகம், பழைய சரக்குக் கிடங்குகள், கடல்நாற்றம். மூன்றாம் பெட் தாத்தா வேலை பார்த்த இடம். பார்ப்பதற்குப் பெரிதாக ஒன்றும் இல்லை, அரை மணி நேரத்தில் திரும்பிவிட்டேன்.

ஆனால் பஸ்ஸிலும் டிராமிலும் காதைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்ததில் கிடைத்தது எந்த டூரிலும் கிடைக்காது. எடின்பரோவில் "எங்கே ஸ்டே பண்றீங்க?" என்றால் வீடு எங்கே என்று அர்த்தம், ஹோட்டல் இல்லை. "மெஸேஜஸ் வாங்கப் போனேன்" என்றால் மளிகைச் சாமான். முகம் "பீலி-வாலி" என்றால் வெளிறிப்போயிருக்கிறது. "ஆக்ஸ்டர்" அக்குள். "போக்" என்றால் குமட்டல், வாந்தி. "வாபிட்" என்றால் சோர்ந்து கிடக்கிறார். கேஸ் ஷீட்டிலேயே "அவுட்வித்" என்று எழுதியிருப்பார்கள், அதற்கு "வெளியே" என்று பொருள். ஆக்ஸ்டரில் கட்டி என்று நோயாளி சொல்லும்போது நீங்கள் மார்பகத்தையும் சேர்த்துப் பரிசோதிக்க வேண்டும் என்று உடனே புரிவதற்கு, இந்தச் சொல் தெரிந்திருக்க வேண்டும்.

திங்கள்கிழமை மூன்றாம் பெட் தாத்தாவிடம் லீத் போனேன் என்று சொன்னேன். எந்தத் தெரு வழியாகப் போனாய் என்று கேட்டார். அன்றுதான், படகுப் பட்டறையில் கொதிகலனுக்குச் சுற்றும் பொருளோடு 20 வருடம் வேலை பார்த்ததை, தூசி பனிபோல் விழும் என்பதைச் சொன்னார். வேலை என்ன என்று நான் முன்பு கேட்டபோது "ரிட்டயர்டு" என்று ஒரே வார்த்தையில் முடித்தவர். நுரையீரலைக் கெடுக்கும் தூசி அது. ஆஸ்பெஸ்டாஸ் என்று எழுதி, எனக்கு மேலிருந்த டாக்டரான ரெஜிஸ்டிராரிடம் காட்டினேன்.

யாருக்கு எது

நான்கு வாரம் மட்டும் இருப்பவர்கள், முதல் முழு வார இறுதியை எடின்பரோவுக்குள் நடங்கள். கடைசி வாரத்தில் நடந்தால் பாதிப் பயன் போய்விடும், ஏனென்றால் நோயாளிகளோடு பேச நாள் மிச்சம் இருக்காது. செலவு மியூசியம் டிக்கெட்டும் பஸ் காசும்தான். லோதியன் பஸ்ஸில் கார்டைத் தட்டிக்கொண்டே போகலாம். காசு கொடுத்தால் சில்லறை தரமாட்டார்கள்.

இரண்டாவது வார இறுதி கிடைத்தால், சனியோ ஞாயிறோ ஒரு நாள் கிளாஸ்கோ. மற்ற நாள் தூங்குங்கள், துணி துவையுங்கள், வீட்டுக்குப் பேசுங்கள். அது வீண் நாள் இல்லை. உங்கள் பிளேஸ்மென்ட்டே கிளாஸ்கோவில் என்றால் நான் சொன்னதையெல்லாம் திருப்பிப் போட்டுக்கொள்ளுங்கள்: முதலில் அங்குள்ள கோவன் பகுதியிலும் கதீட்ரல் பக்கத்திலும் நடங்கள், எடின்பரோவை ஒரு நாளில் பாருங்கள்.

கூட வந்திருக்கும் நண்பர்கள் மலைநாட்டுக்குக் கிளம்பினால் மறுப்பது கஷ்டம் என்று எனக்குத் தெரியும். தனியாக ஒரு ஊரில் இருக்கும்போது அந்த ஐந்து பேர்தான் நம் குடும்பம். அப்படியென்றால் போய் வாருங்கள், ஆனால் வெள்ளி இரவே சமைத்து வைத்துவிட்டுப் போங்கள், ஞாயிறு எழ முடியாது.

தேதி குறிக்கும் முன் ஒன்று மட்டும் செய்யுங்கள்: டெவியட் பிளேஸ் உடற்கூறு மியூசியம் எந்தச் சனிக்கிழமை திறக்கிறது என்று பார்த்துவிட்டு, அந்த வாரத்தை எடின்பரோவுக்கு வைத்துக்கொள்ளுங்கள். நான் போன சனிக்கிழமை அது மூடியிருந்தது.